ஜப்பானிய நகரங்களில் பயணம் செய்து எழுதுவது எப்படி?

ஜப்பானுக்குச் சென்று வந்தவர்கள் எழுதும் குறிப்புகளில் பெரும்பாலானவை சுத்தம், ஒழுங்கு, நேரந்தவறாமை என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன. மூன்றும் பொய்யல்ல, ஆனால் அவற்றைப் படித்து முடித்தவருக்கு டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் என்ன வேறுபாடு என்பதோ, கியோட்டோவில் காலை ஆறு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையே என்ன மாறுகிறது என்பதோ தெரியாமலே போய்விடுகிறது. எழுதுபவரின் திறமைக் குறைவை இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. நாளொரு நகரம் என்று ஓடும் பயணத்தில் கண்ணில் படுவது அந்த மூன்று மட்டுமே. ஆகவே எழுத விரும்புபவர் தம் பயணத்தையே அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ரயில், பெட்டி, பணம் பற்றி இங்கே சொல்லப்படுபவையும் அந்த நோக்கத்தோடு சேர்த்தே சொல்லப்படுகின்றன.

நகரங்களும் தடமும்

முதல் முறை செல்பவருக்கு டோக்கியோ, கியோட்டோ, ஹிரோஷிமா, ஒசாகா ஆகிய நான்கு போதும். இரண்டு வாரம் கையில் இருந்தாலும் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க நான் பரிந்துரைக்க மாட்டேன். மிஞ்சும் நாட்களை இந்த நான்கிலேயே செலவிடுவது நல்லது. நான்கும் ஒரே ரயில் தடத்தின் மேல் இருப்பது பெரிய வசதி. டோக்கியோவையும் ஒசாகாவையும் இணைக்கும் தொக்காய்டோ ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் 1964 அக்டோபர் 1 அன்று, டோக்கியோ ஒலிம்பிக் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, ஓடத் தொடங்கியது. டோக்கியோ எடோ என்று அழைக்கப்பட்ட காலத்தில் 53 தங்கல் ஊர்களைத் தாண்டிக் கியோட்டோவுக்கு நடந்து சென்ற பழைய நெடுஞ்சாலையின் பெயரையே இந்தத் தடமும் தாங்கி நிற்கிறது. நொசோமி எனப்படும் மிக விரைவான வண்டியில் இப்போது டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஏறத்தாழ இரண்டே கால் மணி நேரம். கியோட்டோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே சாதாரண விரைவு ரயிலிலேயே அரை மணி நேரம்தான் என்பதால், இரண்டில் ஒன்றில் மட்டும் தங்கி மற்றதற்குப் போய்வருவது பெட்டி கட்டும் வேலையைக் குறைக்கும்.

ஜப்பான் ரயில் பாஸ் வாங்கியே ஆக வேண்டும் என்ற அறிவுரை பழைய குறிப்புகளில் இன்னும் இருக்கிறது. ஏழு நாள் பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்த்தப்பட்டது; அதற்குப் பிறகு அந்த அறிவுரை பெரும்பாலானோருக்குப் பொருந்தாது. டோக்கியோவில் இறங்கி, மேற்கே பயணித்து, ஒசாகாவுக்கு அருகிலுள்ள கன்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்பும்படி விமானச் சீட்டை எடுத்தால், ஷின்கான்செனில் போன வழியே திரும்பி வர வேண்டியதில்லை. தனித்தனிச் சீட்டுகளின் மொத்தச் செலவு பாஸைவிடக் குறைவாகவே முடியும். பாஸ் வைத்திருப்பவரும் நொசோமியில் ஏறத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. டோக்கியோவிலிருந்து செல்லும்போது வலப்பக்கச் சன்னலோரமான E எழுத்து வரிசை இருக்கையைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் புறப்பட்டு முக்கால் மணி நேரத்துக்குள் ஃபூஜி மலை அந்தப் பக்கத்தில் தெரியும்.

காலம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஏப்ரல் இறுதியில் தொடங்கி மே முதல் வாரம் வரை நீளும் பொன்வார விடுமுறை, ஆகஸ்டு நடுவில் வரும் ஓபோன் என்ற மூதாதையர் விழா, ஆண்டின் முதல் நாட்கள் ஆகிய மூன்றையும் தவிர்க்க வேண்டும். இந்த நெரிசல் நாட்களில் நொசோமி வண்டிகளில் முன்பதிவில்லா இருக்கைகளே இருப்பதில்லை. ஜூனும் ஜூலையின் முன்பாதியும் மழைக்காலம். கூட்டம் குறைவு என்பதால் குடையோடு நடக்கத் தயங்காதவருக்கு அது மோசமான காலம் அல்ல.

நகருக்குள் சுற்ற சுய்க்கா, பாஸ்மோ, இக்கோக்கா போன்ற, நிலைய வாயிலில் தட்டிக் கட்டணம் செலுத்தும் அட்டைகளில் ஏதேனும் ஒன்று போதும். 2013 முதல் இவை ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்றும் செல்லும்படி இணைக்கப்பட்டுள்ளன. ஆனால் டோக்கியோ வட்டாரத்தில் தட்டி உள்ளே நுழைந்து ஒசாகா வட்டாரத்தில் தட்டி வெளியேற முடியாது. நகரம் விட்டு நகரம் செல்லும் பயணத்துக்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும்.

பெட்டியைப் பொறுத்தவரை என் கருத்து திட்டவட்டமானது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்த்து 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு தொக்காய்டோ ஷின்கான்செனில் தனி இடம் முன்பதிவு செய்ய வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதைவிட எளிய வழி, தக்யூபின் எனப்படும் பொதி அனுப்பும் சேவையில் பெரிய பெட்டியை அடுத்த நகரத்து விடுதிக்கு முன்னதாகவே அனுப்பிவிடுவது. விடுதி வரவேற்பறையிலேயே படிவம் தருவார்கள்; பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு நாள் உடையும் குறிப்பேடும் கொண்ட சிறு பையோடு பயணிப்பவர் வழியில் ஹிமேஜியில் இறங்கி, 1609-இல் கட்டி முடிக்கப்பட்ட வெண்ணிறக் கோட்டையைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடிக்கலாம். பெட்டியை இழுத்துக்கொண்டு நடப்பவரின் கண் படிக்கட்டையும் மின்தூக்கியையும் தேடிக்கொண்டே இருக்கும்.

குறிப்பேடு

பகலில் சட்டைப் பையில் வைக்கும் சிறு ஏடு ஒன்று, இரவில் எழுதும் ஏடு ஒன்று என இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. பகல் ஏட்டில் வாக்கியம் எழுதத் தேவையில்லை. நேரம், இடம், கண்ட பொருள், கேட்ட ஒலி, கொடுத்த காசு ஆகியவை போதும். 'அழகு', 'அமைதி', 'வியப்பு' போன்ற சொற்களைப் பகலில் எழுதவே கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டால், அவற்றுக்குக் காரணமான பொருள் ஏட்டில் வந்து நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. 'ரயில்கள் நேரந்தவறாமல் வருகின்றன' என்று எழுதுவதற்குப் பதிலாக, நகர ரயிலின் முதல் பெட்டியில் ஏறி, ஓட்டுநர் அறைக்குப் பின்னாலுள்ள கண்ணாடியருகே நின்று சில நிலையங்கள் வரை பார்க்கலாம். வெள்ளைக் கையுறை அணிந்த ஓட்டுநர், எதிரே விளக்குக் கம்பம் வந்தவுடன் சுட்டுவிரலை நீட்டி அதைக் காட்டி, அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்கிறார். அடுத்து விரல் முன்னாலிருக்கும் கால அட்டவணைக்குச் செல்கிறது. அந்த வரியின் மேல் ஒரு கணம் நின்று, பக்கத்தில் பதித்திருக்கும் கடிகாரத்துக்குத் தாவுகிறது. பெட்டிக்குள் யாரும் அவரைக் கவனிப்பதில்லை. தனியாக இருந்தாலும் அவர் இதைச் செய்துதான் ஆக வேண்டும். கண், கை, வாய், செவி நான்கும் ஒன்றையே உறுதிசெய்தால் கவனம் சிதறாது என்பதற்காக நீராவி வண்டிகளின் காலத்திலேயே ஏற்பட்ட இந்தப் பழக்கத்துக்கு ஷிசா கான்கோ என்று பெயர். நேரந்தவறாமை என்ற சொல்லைப் பயன்படுத்தாமலேயே அது எப்படி உண்டாகிறது என்பதை இப்படி ஒரு பத்தி காட்டிவிடும்.

பெரும்பாலான ரயில் நிலையங்களில் அந்த ஊருக்கே உரிய ரப்பர் முத்திரை ஒன்று மை தோய்த்து வைக்கப்பட்டிருக்கும், இலவசமாகக் குத்திக்கொள்ளலாம். பகல் ஏட்டில் இதைக் குத்தி நேரத்தைப் பக்கத்தில் எழுதிவைத்தால், பின்னர் வரிசை குழம்பாது. கோயில்களில் துறவியோ பணியாளரோ தூரிகையால் எழுதி முத்திரையிட்டுத் தரும் கோஷுயின் இதிலிருந்து வேறுபட்டது. அதற்கு 300 முதல் 500 யென் வரை காணிக்கை கொடுப்பது வழக்கம். அதற்கென்று விற்கும் மடிப்பேட்டில் மட்டுமே பெற வேண்டும். ரயில் முத்திரை குத்திய ஏட்டை அங்கே நீட்டுவது மரியாதைக் குறைவு; சில இடங்களில் எழுதித் தர மறுப்பதும் உண்டு.

ஒரே பொருளை எல்லா ஊரிலும் பார்ப்பது

நகரங்களின் வேறுபாட்டைப் பிடிக்க நான் அறிந்த சிறந்த வழி, சிறிய பொருள் ஒன்றைத் தேர்ந்துகொண்டு போகுமிடமெல்லாம் அதையே கவனிப்பது. நகரும் படிக்கட்டை எடுத்துக்கொள்வோம். டோக்கியோவில் நிற்பவர்கள் இடப்பக்கம் ஒதுங்கி வலப்பக்கத்தை விரைபவர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். ஒசாகாவில் இது தலைகீழ். கியோட்டோ நிலையத்தில் வெளியூர்க்காரர்கள் மிகுதி என்பதால் முன்னால் நிற்பவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். இடையில் இருக்கும் நகோயாவிலோ, 2023 அக்டோபர் முதல் நகரும் படிக்கட்டில் எந்தப் பக்கமானாலும் நடக்காமல் நிற்க வேண்டும் என்று நகராட்சி விதியே கொண்டுவந்துவிட்டது. இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதலாம். எந்த வழிகாட்டி நூலையும் பார்த்து எழுத வேண்டியதில்லை.

முகவரியும் அப்படிப்பட்ட ஒன்று. டோக்கியோவின் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. வட்டாரம், பகுதி எண், மனைத்தொகுதி எண், கட்டட எண் என்று முகவரி உள்நோக்கிச் செல்கிறது. சந்தேகம் வந்தால் தெருமுனையிலுள்ள கோபன் எனப்படும் சிறு காவல் அறையில் கேட்கலாம். வழி சொல்வது அவர்களின் அன்றாட வேலைகளில் ஒன்று. 794-இல் கட்டம் கட்டமாக வகுக்கப்பட்டு, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்த கியோட்டோவில் தெருக்களுக்குப் பெயர் உண்டு. அங்கே முகவரி என்பது ஏறத்தாழ ஒரு நடைவழிக் குறிப்பு: இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையைச் சொல்லி, அங்கிருந்து வடக்கே போவதானால் 'மேலே ஏறி' என்றும், தெற்கே போவதானால் 'கீழே இறங்கி' என்றும் எழுதுகிறார்கள். அரண்மனை வடக்கே இருந்த ஊர் அது.

மூன்றாவதாக, பழமை. 'மிகப் பழமையான கோயில்' என்று எழுதுமுன் அங்குள்ள விளக்கப் பலகையைப் படித்துவிட வேண்டும். டோக்கியோவின் அசாகுசாவிலுள்ள சென்சோ-ஜியின் மூலக் கூடம் 1945 வான்தாக்குதலில் எரிந்து 1958-இல் கான்கிரீட்டில் எழுப்பப்பட்டது. ஒசாகா கோட்டையின் இன்றைய கோபுரமும் கான்கிரீட்தான், ஆண்டு 1931. கியோட்டோவின் பொற்கோயில் 1950-இல் தீக்கிரையாகி 1955-இல் மறுபடி கட்டப்பட்டது. இதனால் அவற்றின் பெருமை குறைந்துவிடாது. வழிபடுபவர்களுக்கு இடமும் வழக்கமும் தொடர்கின்றன, மரம்தான் மாறியிருக்கிறது. பயணிக்கோ இதுவே எழுதத் தகுந்த விஷயம்.

ஊர் ஊராக

டோக்கியோவை முழுதாகப் பார்த்துவிட முயல வேண்டாம். நகரின் நடுப்பகுதியை வளைத்து ஓடும் யாமனோத்தே தடம் 34.5 கிலோமீட்டர் நீளமும் 30 நிலையங்களும் கொண்டது. ஒரு சுற்று வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதல் நாள் முழுச் சுற்றையும் உட்கார்ந்தபடியே முடித்துவிட்டு, எங்கே யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று பார்த்து, பிறகு மூன்று நிலையங்களை மட்டும் தேர்ந்துகொள்ளலாம். ஷின்ஜுகு அவற்றில் ஒன்றானால், எந்த வாயில் வழியாக வெளியேற வேண்டும் என்பதை முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். இருநூறுக்கும் மேற்பட்ட வாயில்கள் உள்ள நிலையம் அது. மேற்குப் பக்கம் இருக்கும் மாநகர அரசு அலுவலகத்தின் 45-ஆம் மாடிக்கு இலவசமாகவே ஏறி 202 மீட்டர் உயரத்திலிருந்து நகரைப் பார்க்கலாம் என்பதால், கட்டணக் கோபுரம் எதற்கும் அவசரமில்லை. கிழக்குப் பக்கம் நாகமுராயா என்ற கடை இருக்கிறது. ஆங்கிலேயருக்குத் தப்பி ஜப்பானில் அடைக்கலம் புகுந்த ராஷ் பிகாரி போஸின் துணையோடு 1927-இல் இந்தியக் குழம்பை விற்கத் தொடங்கிய இடம் அதுதான்.

கியோட்டோவில் வேளைதான் எல்லாம். காலை ஒன்பதுக்கும் மாலை நான்குக்கும் இடையே புகழ்பெற்ற இடங்களில் மனிதத் தலைகளை மட்டுமே காண முடியும். நகரப் பேருந்துகளும் அப்போது நிரம்பி வழியும். சுரங்க ரயிலும் புறநகர் ரயிலும் செல்லும் தூரம் வரை அவற்றில் சென்று, மீதியை நடப்பதே விரைவு. ஃபுஷிமி இனாரி ஆலயத்துக்குக் கதவும் இல்லை, கட்டணமும் இல்லை. விடியலுக்குமுன் முதல் ரயிலில் சென்றுவிடலாம். மலையேறும் வழியெங்கும் நெருக்கமாக நிற்கும் செந்நிற வாயில்கள் ஏறும்போது வெறும் நிறமாகவே தெரிகின்றன. இறங்கும்போது திரும்பிப் பார்த்தால், ஒவ்வொரு தூணிலும் கறுப்பு எழுத்து: ஒரு தூணில் காணிக்கை செலுத்தியவரின் பெயர், மற்றொன்றில் நாள். அவற்றில் பல, நிறுவனங்களின் பெயர்கள். நெல்லுக்கும் வணிகத்துக்கும் உரிய தெய்வத்துக்குத் தொழில் செழித்தவர்கள் செலுத்திய நன்றிக்கடன் அந்த வரிசை. கைபேசியின் மொழிபெயர்ப்பு வசதியை அந்தத் தூண்களின் மேல் காட்டினால் கட்டுமான நிறுவனமா, உணவகமா என்பதுவரை தெரிந்துவிடும்.

கியோன் பகுதியின் தனியார் சந்துகளில் படமெடுக்கத் தடை இருக்கிறது. மீறினால் 10,000 யென் என்று பலகை சொல்கிறது. சில சந்துகளில் சுற்றுலாப் பயணிகள் நுழையவே கூடாது. அலங்காரத்தோடு வேலைக்கு விரையும் மைகோ, கெய்கோ எனப்படும் ஆடல்பாடல் கலைப் பெண்களை மறித்துப் படமெடுப்பதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது.

ஒசாகாவில் பார்ப்பதைவிட உட்கார்வது முக்கியம். சமைப்பவருக்கு எதிரே நீள்பலகையில் இருக்கை போட்டிருக்கும் சிறு கடைகளில் பேச்சு தானாக வரும். டோக்கியோவில் அவ்வளவு எளிதில் வராது. ஷின்செகாய் பகுதியில் குச்சியில் செருகிப் பொரித்த குஷிகாட்சு விற்கும் கடைகளில், எல்லோருக்கும் பொதுவான குழம்புக் கிண்ணம் வைத்திருக்கும் இடமானால், அதில் கடித்த துண்டை மறுபடி தோய்க்கக் கூடாது என்ற விதி சுவரெல்லாம் எழுதப்பட்டிருக்கும். நம்மவர்களுக்கு எச்சில் என்ற ஒரே சொல்லில் அது புரிந்துவிடும்.

சைவ உணவினர் இங்குதான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். காய்கறி மட்டுமே மிதக்கும் சாற்றிலும், வெறும் டோஃபுவின் மேல் ஊற்றும் சாறிலும், உலர்ந்த மீன் சீவலிலிருந்து எடுத்த தாஷி கலந்திருப்பது வழக்கம். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மீன் தவிர்க்கப்படாது. இறைச்சி, மீன், மீன் சாறு மூன்றும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் அச்சிட்ட அட்டை ஒன்றைக் காட்டுவதே நம்பகமான வழி. கியோட்டோவின் கோயில்களை ஒட்டிக் கிடைக்கும் ஷோஜின் ரியோரி, துறவிகளின் உணவு மரபிலிருந்து வந்த முழுச் சைவ உணவு. விலை அதிகம், ஆனால் அங்கே எதையும் கேட்டு உறுதிசெய்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

ஹிரோஷிமாவுக்கு ஒரு முழு நாளையும் ஓர் இரவையும் ஒதுக்க வேண்டும். நிலையத்திலிருந்து டிராம் வண்டியில் செல்வது நல்லது. 1945 ஆகஸ்டு 6 காலை 8.15-க்கு அணுகுண்டு விழுந்த அந்த ஊரில், மூன்றே நாட்களில் டிராம் தடத்தின் ஒரு பகுதியில் வண்டி மறுபடி ஓடியது. அன்று தப்பிய பெட்டிகளில் சில இன்றும் ஓட்டத்தில் இருக்கின்றன. செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் லெட்ஸல் வடிவமைத்து 1915-இல் திறக்கப்பட்ட பொருட்காட்சிக் கூடத்தின் எலும்புக்கூடுதான் இன்றைய அணுகுண்டு நினைவுக் குவிமாடம். 1996-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அருங்காட்சியகத்தில் நான்கு வயதுகூட நிரம்பாத சிறுவனின் துருப்பிடித்த மூன்று சக்கர வண்டி இருக்கிறது. அங்கே கண்டதை எழுதும்போது உணர்ச்சிச் சொற்களை அடுக்காமல், பொருளையும் அதன் பக்கத்திலுள்ள விளக்கத்தையும் மட்டும் எழுதினால் போதும். அன்று எழுதியதை அன்றே யாருக்கும் அனுப்பாமல், ஓரிரு நாள் கழித்துப் படித்துத் திருத்திய பின் அனுப்புவது நல்லது. மறுநாள் காலை மியாஜிமா தீவுக்குப் படகில் செல்பவர்கள் கடலேற்ற நேரத்தை முன்பே பார்த்துவைக்க வேண்டும். இத்சுகுஷிமா ஆலயத்தின் பெருவாயில் நீரில் நிற்பதும், அதன் அடிவரை நடந்து செல்ல முடிவதும் அதைப் பொறுத்தவை.

எழுதியதைப் பகிர்தல்

ஊரில் இருப்பவர்களுக்கு அன்றன்று அனுப்புவது சுருக்கமாகவும் ஒரே பொருளைப் பற்றியதாகவும் இருக்கட்டும். ஒரு நாளில் பார்த்த ஏழு இடங்களை வரிசையாகச் சொல்லும் கடிதத்தைப் பெற்றவர்களும் வரிசையாகவே மறந்துவிடுவார்கள். படங்களில் அயலவர் முகம் தெளிவாகத் தெரிந்தால் மறைத்துவிட்டே வெளியிட வேண்டும். ஜப்பானியர்கள் இதில் மிகுந்த கவனம் உடையவர்கள். கோயில் கூடங்களுக்குள் பெரும்பாலும் படமெடுக்க அனுமதி இல்லை. ஊர்ப் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதை முதலிலேயே முடிவுசெய்து, கடைசிவரை அதையே பின்பற்றினால் பின்னர் தேடுபவர்களுக்கு உதவும்.

விலை எழுதும் இடத்தில் மாதத்தையும் ஆண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். வெப்பத்தால் அச்சாகும் தாளில் தரும் ரசீதுகளை எறிந்துவிடாமல் சேர்த்துவைப்பது இதற்கு உதவும்: கடையின் பெயர், வாங்கிய பொருள், வரி, நிமிடம் வரையிலான நேரம் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். அந்த அச்சு சில மாதங்களில் வெளிறிவிடும் என்பதால், ஒவ்வோர் இரவும் விடுதி மேசையில் பரப்பி ஒரே படமாக எடுத்து வைத்துக்கொள்ளலாம்.